ஒழுகாத டப்பா

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியலில் இலேசான தூறல் விழுந்து நின்றது. பின்பு வானம் வெளுத்து, காற்று அடங்கி, வெயில் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. பறப்பதற்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று வாடகைக் காரின் ஓட்டுநர் கூறினார். பின்னிருக்கையில் இருந்த பெண்மணிக்கு அச்சொல் காதில் ஏறவில்லை. வண்டியின் டிக்கியில் கிடந்த நீலநிறப் பெட்டியின் மீதே அவள் நினைவு இருந்தது.

"ஏங்க, ஒழுகாதுல்ல?" என்று அவள் தன் கணவரை மறுபடியும் கேட்டாள்.

"ஒழுகாது."

"குழந்தைத் துணியெல்லாம் அதே பெட்டியிலதான் வச்சிருக்கேன்."

"லாரி ரேடியேட்டரே என் கையில ஒழுகினதில்லை. உன் எலுமிச்சம்பழமா ஒழுகப் போகுது?"

ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, சார் சொல்லிட்டாருல்ல, விடுங்க. என் வண்டி ரேடியேட்டரும் அவர் பத்த வச்சதுதான்."

கணவர் பெருமையை வெளியில் காட்டாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாகனப் பழுதுபார்ப்புக் கடை ஒன்றின் கடைக்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் பற்றவைக்கும் ஊதுவிளக்குக்கும் இடையே, இளமை முழுவதையும் கழித்தவர் அவர். ஊரார் அவரை ரேடியேட்டர்காரர் என்றே அழைத்தனர். பற்றவைத்த ரேடியேட்டருக்குள் காற்றை ஏற்றி, தொட்டி நீரில் முழுக்கி, ஒரு குமிழிகூட எழவில்லை என்பதைக் கண்டபிறகே அவர் தலை நிமிர்வார். கடவுளே வந்து சான்று சொன்னாலும் அவர் நம்பமாட்டார். தொட்டி சொன்னால் நம்புவார்.

அவர்களுடைய ஒரே மகள் கடல் கடந்த நாட்டில் கருவுற்றிருந்தாள். நான்கு மாதம் நிறைந்தும் அவளுக்கு மசக்கை தீரவில்லை. உண்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை; உடல் துரும்பாய் இளைத்தது. இன்னும் எடை குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவேன் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். "அம்மா, உன் உப்பு எலுமிச்சம்பழம் இருந்தா ரெண்டு வாய் சோறு இறங்கும்மா," என்று அவள் தொலைபேசியில் அழுத நாளன்றே தாய் சந்தைக்கு ஓடி, மஞ்சளாய்ப் பழுத்த கனிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வாங்கி வந்தாள். நறுக்கி, உப்பில் புரட்டி, மொட்டை மாடியில் வெயில் காட்டி, மழை மேகம் கண்டால் மடியில் கட்டிக்கொண்டு இறங்கி, கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். பழம் ஊறி மெழுகுபோல் ஆயிற்று. அதை எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதில்தான் சிக்கல் பிறந்தது.

முன்பொருமுறை அவளுடைய தங்கை கண்ணாடிப் புட்டியில் ஏதோ கொண்டுபோக, புட்டி உடைந்து, அவள் சம்பந்தி வீட்டாருக்கென்று வாங்கிய பட்டெல்லாம் பாழானது. அக்கதை குடும்பத்தில் புராணமாகிவிட்டிருந்தது. "பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி, ரெண்டு கவர் போட்டுச் சுத்திடலாமா?" என்று மனைவி கேட்டபோது ரேடியேட்டர்காரருக்குச் சுருக்கென்றது. வீட்டிலேயே வைத்தியன் இருக்க, சந்தையிலா மருந்து தேடுவது?

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் கடையில் அமர்ந்து புதுத் தகரம் வெட்டி ஓர் அழகிய டப்பா செய்தார். இணைப்புகளை உள்ளும் புறமும் பற்றவைத்தார். பழத்தை நிரப்பி, மூடியையும் சுற்றிப் பற்றவைத்து, கடைசியாக, சூடான காற்று வெளியேற விட்டிருந்த மூச்சுத் துளையையும் அடைத்தார். தொட்டியில் முழுக்கிப் பார்த்தார். குமிழி இல்லை. முதலாளிகூட வந்து எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள உயிரைக்கூட அடைச்சு வைக்கலாம்யா," என்று மெச்சிவிட்டுப் போனார்.

விமானம் மேகத்தைக் கடந்து மேலேறியதும் மனைவியின் அச்சம் சற்றுத் தணிந்தது. உணவுத் தட்டுகள் வந்தன. அவர் ரொட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள். "கடையில முதலாளி கத்தினாத்தான் கழுவுவீங்களா? ஆகாசத்துக்கு வந்தும் அந்தக் கருப்பு போகலை."

அவர் தம் விரல் நுனிகளைப் பார்த்தார். முந்தின நாள் வேலையின் கருமை நகக்கண்களில் படிந்திருந்தது. எழுந்து, இருக்கைகளைப் பற்றிக்கொண்டு, அந்தச் சின்னஞ்சிறு கழிப்பறைக்குள் புகுந்தார். சோப்பு நுரையைத் தேய்த்தார். ஏன் கழுவுகிறோம் என்ற எண்ணம், ஆண்டுக்கணக்கில் எழாத எண்ணம், அப்போது எழுந்தது.

அவர் கை நின்றது. குழாய் நீர் தானாகவே நின்றுபோயிற்று.

பற்றவைக்கும் கம்பியில் பாதி காரீயம். காரீயம் நஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து குடலையும் மூளையையும் கெடுக்கும். அதனால்தான் கடையின் கைகழுவும் தொட்டிக்கு மேலே 'கையைக் கழுவு' என்று முதலாளி பலகை மாட்டியிருந்தார். அதனால்தான் அவர் வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றுவார். மகள் கைக்குழந்தையாய் இருந்த காலத்தில், முழங்கை வரை சோப்புப் போடாமல் அவளைத் தொட்டதில்லை. பேசக் கற்றதும் அவள் தந்தைக்கு இட்ட பெயர் 'சோப்பு அப்பா'. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த மகளுக்கு, அவள் வயிற்றில் வளரும் பிஞ்சுக்கு, புளிப்பும் உப்பும் ததும்பும் பழத்தைக் காரீயத்தால் உட்புறம் பற்றவைத்த டப்பாவில் அடைத்து எடுத்துப்போகிறார். பேட்டரி அமிலம் இணைப்புகளை எப்படி அரிக்கும் என்று அறியாதவரா அவர்? ரேடியேட்டருக்குள் இருப்பதை எவரும் உண்பதில்லை. ஆகையால் உள்ளே என்ன ஆகும் என்று நினைக்கும் வழக்கமே அவர் கைக்கு இல்லை. ஒழுகக்கூடாது என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

வெளியே எவரோ கதவைத் தட்டினர்.

திரும்பி வந்து அமர்ந்தவர் ரொட்டியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? வயித்தைப் பிரட்டுதா?" என்று மனைவி கேட்டாள். "பொண்ணுக்கு மசக்கைன்னா அப்பனுக்குமா?"

"ஒண்ணுமில்லை."

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தார். அவளோ, மகள் முதல் கவளம் உண்ணும்போது தான் எங்கே நின்று பார்ப்பது என்பதுவரை திட்டமிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் தானே மூடிக்கொண்டது. சொன்னால் அவள் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். சொல்லாவிட்டால் மகள் குடி கெடும். இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவித்தவருக்கு இறுதியில் ஒரு குறுக்கு வழி புலப்பட்டது. சுங்க அதிகாரிகள்! உணவுப் பொருள்களைப் பிடுங்கிக்கொள்வதில் அவர்கள் பெயர் பெற்றவர்கள் அல்லவா? அவர்கள் பிடுங்கிக்கொண்டால் பழி அரசாங்கத்தின் மேல் போய்விடும். எல்லாப் பயணிகளும் அஞ்சும் ஒன்றை வேண்டி அவர் மனத்துக்குள் கைகூப்பினார்.

விமானம் தரையிறங்கியது. பெட்டிகள் சுழன்று வரும் இடத்தில் அவர் முதலில் ஓர் அற்புதத்தை எதிர்பார்த்தார், பெட்டி தொலைந்துபோயிருக்கலாம். அதுவோ முதல் வரிசையிலேயே, தன் முதலாளியைக் கண்ட நாய்போல் நேராக அவரிடம் வந்து சேர்ந்தது. மனைவி குனிந்து, அதன் அடிப்புறத்தைத் தடவி, விரலை முகர்ந்தாள்.

"ஒரு சொட்டு ஒழுகலைங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

வழி இரண்டாகப் பிரிந்தது. அறிவிக்க எதுவும் இல்லாதோர் பச்சைப் பக்கம் விரைந்தனர். ரேடியேட்டர்காரர் தள்ளுவண்டியைச் சிவப்புப் பக்கம் திருப்பினார்.

"ஏங்க, பச்சை இந்தப் பக்கம்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போறீங்களா? சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

மேசையின் பின்னால் இளைஞர் ஒருவர் இருந்தார். இவர்கள் விழிப்பதைக் கண்டு, இவர்கள் மொழி அறிந்த பெண் அதிகாரி ஒருவரை அழைத்தார். தலைமுடியை இறுக்கி முடிந்த, களைத்த கண்களையுடைய பெண்மணி அவர்.

"என்னய்யா கொண்டு வந்திருக்கீங்க?"

"எலுமிச்சம்பழம்."

"பச்சைப் பழமா?"

"உப்புல ஊறினதும்மா," என்று மனைவி முந்திக்கொண்டாள். "பொண்ணு மாசமா இருக்கா. ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா."

அதிகாரியின் முகம் இளகியது. பெட்டியிலிருந்து எடுத்த டப்பா எக்ஸ்ரே கதிர்ப்பொறிக்குள் சென்று மறுபுறம் வந்தது. திரையை நோக்கினார், தலையசைத்தார். "ஊறினது தடையில்லை. எடுத்துட்டுப் போங்கம்மா."

ரேடியேட்டர்காரர் அசையவில்லை. "மேடம், மூடி பத்த வச்சு அடைச்சிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்காம எப்படி விடறீங்க?"

"திரையில தெரியுதே."

"புழு பூச்சி இருந்தா?"

"அவ்வளவு உப்புல புழு உயிரோட இருக்காதுய்யா."

"இருந்தாலும் சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா எடுத்துக்கறதுதானே முறை?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குச் சந்தேகமே வரலையே. இங்க வர்றவங்க எல்லாம் விடுங்க விடுங்கன்னு கெஞ்சுவாங்க. பிடிச்சுக்குங்கன்னு கெஞ்சற ஆளை இப்பதான் பாக்கறேன். அம்மா, வழியில இவர் நல்லாத்தானே இருந்தாரு?"

"ரொட்டி திங்கறவரைக்கும் நல்லா இருந்தாரு," என்றாள் மனைவி.

டப்பா மீண்டும் பெட்டிக்குள் சென்றது. வெளிவாயில் தானாகத் திறந்து தானாக மூடும் கண்ணாடிக் கதவு. எவரேனும் கடக்கும்போதெல்லாம் அது திறக்க, அப்பால் நின்ற கூட்டத்தில் மகள் ஒரு கணம் தென்பட்டு மறைந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. தடுப்புக் கம்பியை ஒரு கையாலும் கணவனின் தோளை மறுகையாலும் பற்றிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். கதவு மூடியது. மீண்டும் திறந்தபோது அவள் இவர்களைக் கண்டுகொண்டாள். கையை வாயருகே கொண்டுபோய் உண்பதுபோல் சைகை காட்டிச் சிரித்தாள்.

ரேடியேட்டர்காரரின் கால்கள் நின்றுவிட்டன.

"நடங்க, பின்னால ஆளு நிக்கறாங்க."

"அதை அவ சாப்பிடக் கூடாது," என்றார் அவர்.

"எதை?"

"பழத்தை. டப்பாவை நான் காரீயத்தால பத்த வச்சேன். உள்பக்கமும். புளிப்பு பட்டா அது கரையும். விஷம். கையக் கழுவறப்பதான் நினைப்பு வந்துச்சு."

அவள் அவரையே நோக்கி நின்றாள். சினம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார், அது வரவில்லை. அவள் தள்ளுவண்டியின் விளிம்பில் மெல்ல அமர்ந்தாள்.

"என் பழம் கெட்டுப்போச்சா?"

"உன் பழத்து மேல ஒரு குத்தமும் இல்லை. என் வேலை."

"அதுக்குத்தான் சிவப்புப் பக்கம் வந்தீங்களா?"

"ஆமா."

"அவங்க பிடுங்கியிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

அவர் பார்வை தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு இறங்கியது. அவள் எழுந்து நின்றாள். பெட்டியைத் திறந்து, குழந்தைத் துணிகளை விலக்கி, டப்பாவை எடுத்தாள். அருகே இருந்த குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தவளை அவர் ஓடிச்சென்று தடுத்தார்.

"அதுல போடாதே. பளபளன்னு இருக்கு. யாராவது எடுத்துத் திறந்து தின்னுட்டா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? தலையில வச்சுக்கவா?"

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பவும் நீங்களா? ஐயா, அதுக்குத் தடையில்லைன்னு சொன்னேனே."

"இப்ப உண்மையச் சொல்றேன் மேடம்." தம் வாயால் ஒருநாளும் கூறியிராத சொற்களை அவர் கூறினார். "இது தப்பான வேலை. செஞ்சது நான்தான். உள்ள காரீயம் கலந்திருக்கும். யார் கைக்கும் போகாம அழிச்சிடுங்க."

அதிகாரியின் முகத்திலிருந்த கேலி அகன்றது. கையுறை அணிந்து டப்பாவை வாங்கினார். மேலே சிவப்பு எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி, பூட்டிய பெட்டகத்துக்குள் இட்டார். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தார். "போங்கய்யா. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்."

கண்ணாடிக் கதவு திறந்தது. மகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாயின் கைகளுக்குள் அவள் முதுகெலும்பு எண்ணும்படி இருந்தது. "அம்மா, கொண்டு வந்தியா?"

தாய் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கொண்டு வந்தோம். உள்ள குடுத்துட்டு வரவேண்டியதாப் போச்சு. ஏன்னு உங்கப்பா சொல்வாரு. நானும் கூட நின்னு கேக்கறேன்."

மகளின் முகம் வாடியது. தாய் உடனே அதைக் கைகளில் ஏந்திக்கொண்டாள். "மாப்பிள்ளை, போற வழியில எலுமிச்சம்பழம் எங்க கிடைக்கும்? புதுசா உப்புப் போட்டு ஊறறவரைக்கும் பச்சையாப் பிழிஞ்சாவது ரெண்டு வாய் ஊட்டிடறேன். நான்தான் வந்துட்டேன்ல."

"வீட்டுப் பக்கத்துலயே கடை இருக்கு அத்தை," என்றான் மருமகன்.

"அப்பா," என்று மகள் தந்தையை நோக்கிக் கை நீட்டினாள்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். டப்பாவைத் தொட்ட கைகளைத் தம் உடலினின்று அகற்றிப் பிடித்துக்கொண்டார். "இரு. கழுவிட்டு வந்துடறேன்."

"இன்னுமாப்பா?" என்றாள் அவள். ஒட்டிய கன்னத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சோப்பு அப்பா."

அவர் குழாயடிக்குச் சென்று, சட்டைக் கைகளை மடித்து, முழங்கை வரை நுரை பூசிக் கழுவினார். நகக்கண்களைத் தேய்த்தார். திரும்பி வந்து மகளின் தலைமேல் ஈரம் உலராத கையை வைத்தபோது, வருகைக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மாலை நான்கு மணி பதினேழு நிமிடம்.