இருபத்தொன்றாவது தாரா

காலை பஸ்ஸில் வந்திறங்கியவன் பௌத்த மடத்தை மூன்று முறை சுற்றிவிட்டான். சுவரோரப் பிரார்த்தனைச் சக்கரங்களில் ஒன்றைக்கூட உருட்டவில்லை. வலக்கை மேலங்கியின் மார்பு மடிப்புக்குள்ளேயே இருந்தது.

துறவி யொந்தெனுக்குச் சந்தேகப்பட அது போதும். தாரா தேவி சன்னிதியின் சாவி அவர் பொறுப்பு. போன குளிர்காலத்தில் இருபத்தொரு மண் தாரா சிலைகளில் ஒன்று திருடுபோனது. மாடத்தில் அந்த இடம் இன்னும் காலி. இன்னொன்று போனால் சாவியைப் பிடுங்கிச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிடுவதாக, மடத்தின் கண்டிப்பைக் கவனிக்கும் மூத்த துறவி ஜம்பல் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"பேரு கேட்டேன், சொல்லலை குஷோ" என்று துறவிகளுக்குரிய மரியாதைச் சொல்லோடு யொந்தெனிடம் சொன்னாள் டீக்கடை சாங்மோ. "ஊத்தின டீயை அப்படியே வெச்சிட்டுப் போயிட்டான். திருட்டு முழி."

"நீ போடற டீயை யாரு குடிப்பா?"

"சிரிங்க சிரிங்க. சாவி போனா அடுப்படியில நீங்கதான் வேகணும்."

மதியம் அவன் சன்னிதிக்குள் வந்தான். தாராக்களைக் கும்பிடவில்லை. வெண்ணெய் விளக்கையே பார்த்தான்.

"ராத்திரி இதை அணைச்சிடுவீங்களா, குஷோ?"

"ஏன், அணைச்சா வசதியா?"

"இல்ல... குளிர்காலத்துலயும் எரியுமா?"

"எரியும். நானும் இங்கதான் படுப்பேன். தடியோட."

யாத்திரிகர் கூட்டமொன்று உள்ளே வந்தது. அவர்கள் கைகளில் குங்குமப்பூ நீர் வார்த்துவிட்டு யொந்தென் திரும்பியபோது, அவன் கை மாடத்தில் இருந்தது. இவரைப் பார்த்ததும் வெடுக்கென்று இழுத்து மடிப்புக்குள் எதையோ செருகிக்கொண்டான்.

முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். இரண்டு துறவிகள் பிடித்துக்கொள்ள, யொந்தென் அவன் மடிப்புக்குள் கைவிட்டார். மண் தாரா வந்தது. கூட்டம் கூச்சலிட்டது.

"எங்க மடத்துதா இது?" என்று கேட்டார் ஜம்பல்.

அவன் அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஆமா குஷோ. நான்தான் எடுத்தேன்" என்றான்.

"நாக்கு கூசாம சொல்றான் பாருங்க!" என்றாள் சாங்மோ.

"யாரும் கை வைக்காதீங்க. நாலு மணி பஸ்ஸுல ஏத்தி விடுங்க" என்றார் ஜம்பல்.

தாராவைத் திருப்பி வைக்க யொந்தென் உள்ளே போனார். மாடத்தில் ஒரே ஒரு காலியிடம்தான் இருந்தது, போன குளிர்காலத்தது. எண்ணிப் பார்த்தார். இருபதும் அப்படியே இருந்தன.

கையிலிருந்ததை விளக்கருகே கொண்டுபோனார். எல்லா ஊரிலும் புழங்கும் அதே அச்சு. ஆனால் மற்றவை புகையேறிக் கறுத்திருக்க, இதில் மண்ணின் நிறம் மாறவில்லை. உள்ளே நொய்போல வெள்ளைத் துணுக்குகள். அடியில் ஆணியால் கீறியிருந்தது: யாங்சோம், வயது இருபத்தாறு.

இறந்தவரின் சாம்பல் கலந்து வார்த்த உருவங்களுக்கு இடம் கணவாயிலிருக்கும் கல்குடில். அதற்குக் கதவு கிடையாது. பனி உள்ளேயே கொட்டும். சன்னிதிக்குள் அவற்றை யாருக்காகவும் அனுமதித்ததில்லை.

"எத்தனை இருக்கு?" வாசலில் ஜம்பல்.

"இருபத்தொண்ணு" என்று யொந்தென் அதைக் காலியிடத்தில் வைத்தார்.

"அப்ப போன தடவை எடுத்தவனும் இவனேதான். திருப்பி வைக்க வந்து மாட்டியிருக்கான். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் இருட்டுவதற்குள் அது கணவாய்க்குப் போய்விடும். சொல்லாவிட்டால் சாவி இடுப்பிலேயே இருக்கும். இரண்டில் எது தன் வாயை அடைத்தது என்று யொந்தெனுக்கே தெரியவில்லை.

பஸ்ஸடியில் சாங்மோ திட்டிக்கொண்டிருந்தாள். யொந்தென் ஓடி வருவதைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. வேண்டாம் என்று தலையசைத்தான்.

"தண்டனை பாக்கி இருக்கு" என்று யொந்தென் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "வருஷம் ஒருவாட்டி வரணும். தாரா முன்னாடி நூத்தியெட்டு தடவை விழுந்து கும்பிடணும்."

"கையை ஒடிப்பாங்களா, கும்பிடச் சொல்வாங்களா?" என்றாள் சாங்மோ.

"வரேன் குஷோ" என்றான் அவன். இரண்டு கைகளையும் கூப்பினான்.

பஸ் கிளம்பிப் போனது.

"திருட்டுப்பய" என்று சொல்லிவிட்டு, சாங்மோ அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றார் யொந்தென்.