செய்து பார்த்த பதில்

“சார், சர்வர் பாஸ்வேர்டைக் குடுங்க.”

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலடியில் பூவை வைத்துவிட்டு நிமிர்ந்த முதலாளி அவளைப் புரியாமல் பார்த்தார். அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். லீவு, சிபாரிசு, எதையும். அவருடைய கடையில் இருபத்தாறு வருடம் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்த அப்பா போட்ட சட்டம்.

அம்மா அவள் கையைக் கிள்ளினாள். “மனுஷன் கிடக்கையில இது என்னடி பேச்சு?”

“அப்பா சைட்டைத் திறக்கணும்மா. அவர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மாத்தலாம்னா அவர் போனுக்குத்தான் ஓடிபி போகும். அது அவரோடயே விழுந்து நொறுங்கிடுச்சு. சைட் ஓடறது சார் கடை சர்வர்ல, அது வழியாத்தான் உள்ள போகணும்.”

“அந்த ஓசி சைட்டா?” என்றார் முதலாளி. “ரிப்பேரை ஊருக்கெல்லாம் சும்மா சொல்லிக் குடுத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டாரு உங்கப்பா. மூடிரலாம்னு இருக்கேன்.”

“நாளைக்கு மூடிக்கோங்க. இன்னிக்குக் குடுங்க.”

சுற்றியிருந்தவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் போனில் தேடி அனுப்பினார். “படிச்ச திமிரு” என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும்.

உள்ளறைக் கட்டிலில் மடிக்கணினியைத் திறந்தாள். கல்லூரியில் படிக்கும்போது அவள்தான் அந்தத் தளத்தைச் செய்துகொடுத்தாள். ஆறே மாதத்தில் அப்பா பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். “தப்பாச் சொல்லிட்டா பழி எம்மேலயே இருக்கட்டும், உனக்கெதுக்கு” என்றார். தன்னை வெளியே தள்ளிவிட்டதாக நினைத்து நாலு வருடம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வரும் கேள்விகளின் நகல் மட்டும் அவள் மின்னஞ்சலில் விழுந்துகொண்டிருக்கும். படிக்காமலே அழிப்பாள். இன்று காலைதான் ஒன்றைப் படித்தாள். ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்:

‘நாலாவது தடவையா கேக்கறேன் அண்ணா. இன்குபேட்டர் சூடாகல. ரெண்டு குறைமாசப் பாப்பா. அம்மாங்க நெஞ்சோட கட்டி வெச்சிருக்கோம். எவ்வளவு நேரம்னு தெரியல.’

சர்வருக்குள் நுழைந்து, பயனர் பட்டியலில் அப்பாவின் வரியைப் பிடித்தாள். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் எழுத்துக் குளறுபடி. அதிலிருந்து அப்பா வைத்திருந்த சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. அதன்மேல் புதிதை எழுதத்தான் முடியும். எழுதினால் அவர் நினைத்து வைத்த அந்த ஒரு சொல் இனி எங்கேயும் இருக்காது.

எழுதினாள்.

தளம் திறந்தது. பதில்கள்: ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அவள் விரல் நின்றுவிட்டது. எட்டாவதோடு நின்றவர். இரண்டே விரலால் தட்டுகிறார் என்று அவள் சிரித்த மனிதர். ‘பதறாதீங்க தங்கச்சி, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க.’ கீழே மறுமொழி: ‘ஓடுதுண்ணா.’ இன்னொன்று: ‘பாட்டி மூச்சு சீராயிருச்சு.’ திரையைக் கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கடல் முன்னால் நிற்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட வீட்டில் வாய் திறக்கவில்லையே இந்த ஆள்.

ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் ஒரே வரி: ‘செஞ்சு பாத்தாச்சு.’ கடையில் இருக்கும் பழைய கருவியில் தன் கையால் செய்து பார்க்காத எதையும் அவர் வெளியிட்டதில்லை.

நர்ஸுக்கான பதில் நேற்று மாலை எழுதியபடி வெளியிடாமல் கிடந்தது. எட்டுப் படிகளும் இருந்தன. எந்த ஒயர், எந்தத் திருகு, மீட்டரில் என்ன எண் வர வேண்டும், எல்லாம். கடைசி வரி மட்டும் இல்லை.

வெளியிடு என்ற பொத்தானின்மேல் அம்புக்குறி வெகுநேரம் நின்றது. பிறகு கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் பையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“கடைச் சாவி” என்றாள் முதலாளியிடம். அவர் அவள் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தார்.

“எங்கடி? நாலு மணிக்கு எடுத்துருவாங்க.” அம்மாவின் குரல் உடைந்தது. “நீ இல்லாமயா?”

அவள் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். செருப்பை மாட்டினாள். பூவோடு படியேறி வந்தவர்கள், கையில் ஒயர் தொங்கும் மீட்டரோடு இறங்கியவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.