பச்சைக் கோட்டுக்குக் கீழே

சக்கரபாணி கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றபோதே தமிழ்செல்விக்கு விஷயம் புரிந்துவிட்டது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவள் புருஷன் வேங்கிக்கால் வீட்டுக்கு வருகிறான் என்றால் ஒன்று பசி, இல்லையென்றால் அடி. பசிக்குக் கடைத்தெருவிலேயே ஓட்டல் இருக்கிறது.

"அந்த ஸ்டாப் லாஸ எடுத்தியா இல்லியா?"

"எடுக்க மாட்டேங்க."

கீழ்பென்னாத்தூரில் அவள் பாகத்துக்கு வந்த மல்லாட்டைக் கடலை விளையும் நிலத்தை விற்று வாங்கிய பங்குகள் அவை. முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது நானூற்றெண்பது வரை போயிருந்தது. சார்ட்டில் விலைக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு ஓடும், சூப்பர்டிரெண்ட் என்பார்கள். விலை ஏறினால் கோடும் ஏறும். விலை சறுக்கினால் கோடு இருந்த இடத்திலேயே நிற்கும். தினமும் சந்தை முடிந்ததும் கோடு நிற்கும் விலைக்குத் தன் ஸ்டாப் லாஸை ஏற்றிவைப்பாள். அதைத் தொட்டால் பங்குகள் தானாக விற்றுப்போகும். ஏற்றலாம், இறக்கவே கூடாது. இன்று அது நானூற்று அறுபத்திரண்டில் இருந்தது. விலை நானூற்று அறுபத்தைந்துக்கு வந்துவிட்டது.

சக்கரபாணியோ அறுநூறு போகும் என்று கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். போன தடவை இப்படித்தான் ஒரு பங்கு ஸ்டாப்பில் விற்று, மறுவாரமே ஏறிவிட்டது. அதற்கு இவள் உதடு கிழிந்தது.

சொல்லவே பற்றிக்கொண்டு வருகிறது. பணத்துக்கு இவ்வளவு கறாராகக் கோடு வைத்தவள், தன் உடம்புக்கு வைத்த கோட்டை மட்டும் ஆறு வருடமாக இறக்கிக்கொண்டே வந்தாள். கை நீட்டினால் போய்விடுவேன் என்றாள், நீட்டினான். பெல்ட்டை எடுத்தால் என்றாள், எடுத்தான். ரத்தம் வந்தால் என்றாள். வந்தது, துடைத்துக்கொண்டு சாம்பார் தாளித்தாள்.

அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"பின் நம்பர் சொல்லுடி."

"மாட்டேன்."

பின் நம்பர் எதற்கு, விரல் இருக்கிறதே! அவளுடைய வலது ஆள்காட்டி விரலைக் கைபேசியில் வைத்து அழுத்தினான். அவள் மடக்கினாள். அவன் நிமிர்த்தினான், சுள்ளியை ஒடிப்பதுபோல் பின்பக்கமாக நிமிர்த்தினான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே விரலை வைத்துத் திறந்து, ஸ்டாப் லாஸை அழித்தான்.

"இப்ப பாரு, எப்டி ஏறுதுன்னு."

பார்த்தார்கள். அறுபத்திரண்டைத் தாண்டி விழுந்தது. ஐம்பது. நாற்பத்தொன்று.

"இப்டி எறங்கும்னு தெரியும் இல்ல? கெட்டியா சொல்லியிருக்கக் கூடாதா, சனியனே!" என்று அவள் வயிற்றில் உதைத்தான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "விடு. நாளைக்கு ஏறிடும்" என்றான்.

தரையில் கிடந்தவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பு வந்தது, அதுவும் தன் மேலேயே. நாளைக்குச் சரியாகிவிடுவான் என்று இவனைப் பற்றி எத்தனை ராத்திரி தனக்குத்தானே சொல்லியிருப்பாள்!

அவன் கீழே போட்டிருந்த கைபேசியை இடது கையால் இழுத்தாள். பின் நம்பரைத் தட்டி, கிடைத்த விலைக்கு அத்தனையையும் விற்றாள்.

அவன் பெல்ட்டை உருவிக்கொண்டு வாசலை மறித்தான்.

"தள்ளுடா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெல்ட் கன்னத்தில் விழுந்தது. கைக்கெட்டிய இரும்பு ஸ்டூலைத் தூக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அவன் முட்டியில் விளாசினாள். ஒரே அடிதான். சரிந்து விழுந்து கத்தியவனைத் தாண்டிக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோ பிடித்தாள்.

காவல் நிலையத்தில் எழுத உட்கார்ந்த பெண் அதிகாரி அவள் வீங்கிய விரலைப் பார்த்தார்.

"எத்தினி வருஷமா அடிக்கறான்?"

"ஆறு வருஷங்க."

"ஏம்மா, இன்னிக்குத்தான் வரத் தோணிச்சா?"

"மொத அடியிலயே வந்திருக்கணும் மேடம்" என்றாள் தமிழ்செல்வி. "அவன் முட்டிய ஒடச்சது நான்தான். அதையும் சேத்து எழுதிக்குங்க."