முதல்வர் அறை நாற்காலி

பத்தே முக்காலுக்குச் சின்னான் கல்லூரி முதல்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். முதல்வர் வரச் சொல்லியிருந்ததால் கிணத்துக்கடவிலிருந்து வந்து, எட்டு மணியிலிருந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மகள் மாரியாத்தாள் அங்கே வைத்துத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. பதினாறு நாள் முன்பு விரிவுரையாளர் ஒருவர் ஆய்வகக் கதவைத் தாழிட்டு அவளைப் பலவந்தம் செய்தார். மறுநாளே இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கிறோம், அதுவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். அந்த விரிவுரையாளர் வழக்கம்போல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

சின்னான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்காம உடமாட்டேன் கண்ணு. உன்ற படிப்பு நிக்காது" என்றார்.

செருப்பில்லாமல் வாசலில் நின்றவரைக் கண்டதும் முதல்வர் சீனிவாசலு எழுந்து வாசல்வரை வந்தார்.

"சின்னானுங்களா? வாங்க, வாங்க. ஏனுங்க செருப்பைக் கழட்டிப்போட்டீங்க? உக்காருங்க."

"இருக்கட்டுங்க சாமி."

"சாமியெல்லாம் கோயில்லீங்க. நான் வாத்தியார். உக்காருங்க."

சின்னான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் வேலை செய்யும் தென்னந்தோப்பில் முதலாளியின் பேரன்கூட 'டேய் சின்னா' என்பான். அவருக்கான அலுமினிய டம்ளர் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். இங்கே காப்பி பீங்கான் கோப்பையில் வந்தது. முதல்வருக்கும் அதே மாதிரிக் கோப்பை.

மாரியாத்தாளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

முதல்வர் தட்டச்சு செய்த கடிதத்தை எடுத்து, ஒரு வரியும் விடாமல் படித்துக் காட்டினார். குடும்பச் சூழ்நிலையால் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன். அவள் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

"விசாரிக்கறேன்னு சொன்னீங்களே சார்?" என்றாள் அவள்.

"விசாரிச்சா உன்ற பேருதான் அம்மணி நாலூருக்குப் போகும். அவருக்கென்ன, ஆம்பளை." சின்னான் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரிங்க. நீங்க பெத்தவங்க. நீங்க சொல்றதுதானுங்க முடிவு."

நீங்கள் சொல்வதுதான் முடிவு என்று சின்னானிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார். இன்னும் பாதி இருந்தது.

"அப்பா, வேண்டாங்கப்பா."

"பெரியவங்க இத்தனை மருவாதியா பேசறப்ப மறுத்துப் பேசப்படாது கண்ணு."

அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்தைக் கடிதத்தில் போட்டார். 'ன்'னுக்குப் புள்ளி வைக்க மறந்து, பேனாவைத் திரும்ப எடுத்துப் புள்ளி வைத்தார். மீதிக் காப்பியைக் குடித்தார். முதல்வர் கும்பிட்டு வழியனுப்பினார்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார்கள். அவள் மடியில் விடுதியிலிருந்து எடுத்துவந்த தகரப்பெட்டி. கிணத்துக்கடவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். ஆத்துப்பாலம் தாண்டியதும் மகள் பக்கம் சாய்ந்தார்.

"நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு, பாத்தியா? அவரு குடிக்கற கோப்பை. காலேஜுக்கே பெரியவரு, எந்திரிச்சு வாசலுக்கு வாராரு..."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அந்த வாத்தியாரு நாளைக்கும் அதே ரூம்புல பாடம் எடுப்பாருங்க. நான் எங்கீங்கப்பா உக்காரட்டும்?"