பிஸ்கட் பேணிக்குள் என்ன இருந்தது?

1

இந்தக் கதையை முதலில் ஓர் ஐரிஷ் குடும்பத்தின் கதையாகத்தான் எழுதினேன். காரணம், கோழைத்தனம்.

எங்கள் ஸ்காபரோ கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் கெல்லி என்றொரு குடும்பம் இருக்கிறது. லிஃப்டில் ஏறும்போது தொடங்குகிற சண்டை இறங்கும்போதும் முடியாது. சுவரில் மாதா படம், ஞாயிறு பூசை, பூசை முடிந்ததும் கார் தரிப்பிடத்தில் மறுபடி சண்டை. எங்கள் வீட்டை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி. தொலைந்துபோன எங்கள் பணத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். யாருக்கும் என்றால், ஒருவருக்கு.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

'பதினெட்டாயிரம் டொலர்! கிழவர் பேட்ரிக் கெல்லி இறந்த மூன்றாம் நாள், பிள்ளைகள் மூவரும் அவருடைய மெத்தையைக் கத்தியால் கிழித்தார்கள். உள்ளே—'

உள்ளே பஞ்சு. நகைச்சுவையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் பிரிஜிட் கெல்லி தம்பியைப் பார்த்து, "வாயைப் பொத்தடா, புட்டு ஆறுது" என்றாள். ஐரிஷ்காரி புட்டு அவித்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன்.

[பேட்ரிக் கெல்லியை வெட்டுகிறேன். அவர் பெயர் அமிர்தநாதர். என் அப்பா.]

2

பாத்திரங்களை முதல் அத்தியாயத்திலேயே வரிசையில் நிறுத்திவிட வேண்டும் என்பது தொடர்கதைக்காரனின் பழக்கம். நிறுத்துகிறேன்.

மூத்தவள் ஜோசப்பின். கலியாணம் செய்யவில்லை. முதியோர் இல்லமொன்றில் வேலை. அப்பாவோடு பதினாலாம் மாடியில் இருந்தவள். அடுத்தது நான், நீக்கிலாஸ், ஆறாம் மாடி. தமிழ்க் கடைவாசல்களில் இலவசமாக அடுக்கிக் கிடக்கும் வாரப் பத்திரிகையில் பன்னிரண்டு வருடமாக மர்மத்தொடர் எழுதுகிறேன். கடைசி வேரோனிக்கா. மிசிசாகாவில் வீடு, விமான நிலையத்தில் வேலை, அபிஷன் என்று பத்தொன்பது வயதில் ஒரு மகன்.

அப்பா தன் செத்தவீட்டுக்கென்று பதினெட்டாயிரம் டொலர் வங்கியில் வைத்திருந்தார். "என்ரை பெட்டிக்கு ஒருத்தரும் கிரெடிட் கார்ட் தேய்க்கக் கூடாது" என்பார், ஏதோ கலியாணத்துக்குச் சேர்ப்பதுபோல. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேத்தண்ணி பாதியில் இருக்க, கதிரையிலேயே போய்விட்டார். வங்கிக்குப் போனால், அதே வாரம் செவ்வாய்க்கிழமை முழுத்தொகையையும் காசாக எடுத்திருந்தார்.

வீட்டில் காசு இல்லை.

மெத்தையைக் கிழித்தது நாங்கள்தான். அரிசி மூட்டையைப் பாயில் கொட்டியது வேரோனிக்கா. ஆழ்உறைபெட்டியில் அப்பா சேமித்த மீன் பொதிகளில் காசு இருக்கும் என்று சொன்னது நான். இருபத்திமூன்று பொதிகளையும் உருக்கினோம். எல்லாவற்றிலும் மீன்.

"உருகினதை ஆர் சமைக்கிறது?" என்றாள் அக்கா.

"நீதானே சமைக்கிறனி" என்றாள் வேரோனிக்கா.

தவக்காலம் வேறு, இறைச்சி கிடையாது. அந்தக் கிழமை முழுக்க மூன்று வேளையும் மீன் சாப்பிட்டபடியே சண்டை பிடித்தோம். சவப்பெட்டியின் கைப்பிடி பித்தளையா, சும்மா இரும்பா என்பதற்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம்.

[வாசகரே, இதுவரை சிரித்திருந்தால் சரி. இதற்குமேல் என்னால் சிரிப்புக் காட்ட ஏலாது.]

3

"அண்ணை, நீங்கள்தானே துப்பறியிற கதை எழுதுறனீங்கள். கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்றாள் வேரோனிக்கா.

பகிடிக்குத்தான் சொன்னாள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேரோனிக்காவின் வாக்குமூலம், என் கொப்பியில் உள்ளபடி:

"அப்பா கடைசி நாளுகளிலை காலமையும் பின்னேரமும் போன் எடுத்தவர். 'அபிஷன் வீட்டிலை நிக்கிறானோ' எண்டு கேப்பார். ஓம் எண்டால் உடனை வைச்சிடுவார்."

இதன்மேல் குறுக்குக் கோடு போட்டு, ஓரத்தில் 'பேரப்பாசம், தேவையில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

"பிறகு, அப்பா காசெடுத்த அடுத்தநாள், புதன்கிழமை நான் வரேக்கை அக்கா லிஃப்டாலை இறங்குறா. கையிலை வட்டமான நீலத் தகரப் பிஸ்கட் பேணி. நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு போறா."

இதன்கீழ் இரட்டைக் கோடு.*

(* எங்கள் வீடுகளில் பிஸ்கட் பேணிக்குள் பிஸ்கட் இருந்ததைக் கண்டவர் யாராவது உண்டா? ஊசி, நூல், பொத்தான். அதற்கடுத்த பேணியில் பாஸ்போர்ட், காணி உறுதி, தாலிக்கொடி. பசிக்கிறது என்று மூடியைத் திறக்கிற பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் கிடைக்கும். இது எனக்குத் தெரியும், வேரோனிக்காவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாங்கள் செய்த பிழையின் முழுவடிவம் இவ்வளவுதான்.)

அக்காவை எதிரில் இருத்தினேன்.

"புதன்கிழமை பேணிக்குள்ளை என்ன கொண்டு போனனி?"

"பிஸ்கட்."

வேரோனிக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"பிஸ்கட் பேணிக்குள்ளை ஆரக்கா பிஸ்கட் வைக்கிறது?"

"புதுப் பேணியடா. அப்பா வாங்கித் தந்தவர். வேலையிடத்திலை எல்லாருக்கும் குடுத்தனான்."

"என்னத்துக்கு?"

"என்ரை பிறந்தநாளுக்கு."

எங்கள் இருவருக்கும் அந்த நாள் நினைவில்லை. இந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வந்தது, ஆனால் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது.

"அப்பா தன்ரை சீவியத்திலை ஆருக்காவது பிறந்தநாளுக்கு ஏதும் வாங்கினவரே?"

"இல்லை. அதுதான் எல்லாருக்கும் காட்டக் கொண்டு போனனான்."

அடுத்து நான் சொன்னதை நான்கு வரைவுகளில் நான்கு விதமாக மென்மையாக்கிப் பார்த்தேன். சொன்னபடியே வைக்கிறேன்:

"அக்கா, உதை ஒரு கதையிலை எழுதினால் வாசிக்கிற சனம் நம்பாது."

அவள் மேசையில் கிடந்த மீன் முள்ளுகளைக் கோப்பையில் வழித்தாள். எழும்பினாள்.

"நான் உன்ரை கதையிலை இல்லையடா" என்றாள்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசையில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். பூசை முடிந்து பார்த்தபோது இல்லை. பக்கத்து ஊரான விட்பியில் யாரோ வீட்டு நிலவறையில் அறை எடுத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். போன் எடுப்பதில்லை.

4

நான் இதுவரை சொல்லாமல் ஒளித்த ஒன்று.

பன்னிரண்டு வருடமாக என் தொடரின் முதல் வாசகி ஜோசப்பின். பத்திரிகைக்கு அனுப்புமுன் பதினாலாம் மாடிக்குக் கொண்டு போவேன். வேலைச் சீருடையைக் கூட மாற்றாமல் நின்றபடி வாசிப்பாள். மூன்றாம் வாரத்தில் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள். ஒருமுறையாவது அவள் கணிப்புப் பிழைக்கட்டும் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். பிழைத்ததில்லை.

"எப்பிடியக்கா?"

"நீ ஆரை நல்லவனாக் காட்டக் கஷ்டப்படுறியோ, அவன்தான்."

அவள் போன பிறகு தொடர் நின்றுவிட்டது. 'ஆசிரியர் உடல்நலக் குறைவு' என்று போட்டார்கள்.

நவம்பரில் குளிர் தொடங்கியது. அப்பாவின் தடித்த குளிர்ச்சட்டையைக் கோயிலுக்குக் கொடுக்க எடுத்தேன். உள்பையில் ஒரு ரசீது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. வெண்ணெய் பிஸ்கட், நீலப் பேணி, ஒன்று.

அந்த ஒற்றை வரியை லிஃப்டில் வாசித்தேன், வீட்டில் வாசித்தேன், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன்.

5

முடிவுகள்.

(அ) காசு மாதா சிலைக்குப் பின்னால் அகப்படுகிறது. குடும்பம் கட்டிப்பிடித்து அழுகிறது. [வெட்டு. சிலைக்குப் பின்னால் பார்த்தாகிவிட்டது, சிலைக்குள்ளும்.]

(ஆ) செவ்வாய் காலை அப்பாவுக்கு ஒரு போன் வருகிறது. அழுகிற இளம் குரல், வாய்க்குள் மெல்லுகிற இங்கிலீஷ். நான்தான், உங்கள் பேரன், பொலிஸ் பிடித்துவிட்டது, பிணைக்குக் காசு வேண்டும், அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். இந்த நகரத்தில் எத்தனையோ கிழவர்களுக்கு வருகிற மோசடிப் போன்தான். அபிஷன் போனில் பேசினால் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அப்பாவால் வித்தியாசம் கண்டிருக்க முடியாது. வங்கிக்குப் போகிறார். கீழே வாசலில் காத்திருக்கும் யாரோ ஒருவனிடம் தன் செத்தவீட்டைக் கொடுக்கிறார். பெடியன் தப்பிவிட்டான் என்ற நிம்மதியில், பையில் மிஞ்சிய சில்லறையோடு கடைக்கு நடந்து மகளுக்கு ஒரு பேணி பிஸ்கட் வாங்குகிறார். பிறகு காலையும் மாலையும் போன்: அபிஷன் வீட்டில் நிற்கிறானா?

இதற்கு என்னிடம் சாட்சி ஒன்றுமில்லை. நானே குறுக்குக் கோடு போட்ட ஒரு வரி இருக்கிறது. கோட்டுக்கு அடியில் இன்னும் வாசிக்கலாம். வேரோனிக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

(இ) நான் ரசீதோடு விட்பிக்குப் போகிறேன்.

இதைப் பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். 'ரயிலிலிருந்து இறங்கினான். பனி—' 'அக்காவின் கதவு பக்கவாட்டில் இருந்தது. அவன் மூன்று முறை—' 'மன்னிச்சுக்கொள் எண்டு சொல்ல வாயைத் திறந்தவன்—'

'அவன்' என்று எழுதுகிறவரை கதவு திறக்காது போல.

6

அக்கா,

வியாழக்கிழமை இந்தப் பத்திரிகை விட்பிக் கடைவாசலிலும் கிடக்கும். முன்பெல்லாம் அச்சில் வந்த பிறகும் ஒருமுறை எடுத்து வாசிப்பாய். இப்போது எடுப்பாயோ தெரியாது. இந்தமுறை யாரையும் நல்லவனாகக் காட்டக் கஷ்டப்படவில்லை. முதல் வாரத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

காசு எங்கே என்று கடைசிவரை சொல்லாத மர்மக்கதையை யாரும் போடமாட்டார்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். போடுங்கள், அதைத் தேடி எழுதிய கதையில்லை இது என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து ரயில் எடுக்கிறேன். அதே கடையில் அதே நீலப் பேணி வாங்கி வைத்திருக்கிறேன், மூடியைச் சுற்றிய ஒட்டுநாடாவைக்கூடப் பிரிக்கவில்லை. நீ கதவைத் திறப்பாய். அல்லது கதவுக்குள் நின்றபடியே கேட்பாய்:

"உதுக்குள்ளை என்ன?"

"பிஸ்கட்" என்பேன்.

அதற்கு அடுத்த வரி என்னிடம் இல்லை. நம்புவதும் விடுவதும் நீ எழுத வேண்டியது.