மார்லிஸுக்கு வந்த முடிவு

டுவேனின் வலது கை சூம்பிப்போனது. நரம்பு டாக்டர் சொன்ன நோய்க்கு மருந்தே கிடையாது. அதனால், மான் உண்ணி கடித்து வரும் லைம் நோய் அவன் ரத்தத்தில் தெரிந்தபோது, மாத்திரையில் தீருமே என்று மனைவி மார்லிஸ் தெருவுக்கே கேக் சுட்டுக் கொடுத்தாள்.

குளிர்காலம் முழுக்க மருந்து ஏற்றியும் இடது கையும் விழுந்தது.

"லைம்னு சோதனையே சொல்லுதே," என்று டாக்டரிடம் சீறினாள்.

"உண்ணி எப்பவோ கடிச்சிருந்தாலும் அப்படித்தான் காட்டும், மார்லிஸ். இந்த விஸ்கான்சின் காட்டுல எத்தனையோ பேருக்கு இருக்கு. வேணும்னா நீங்களே ரத்தம் குடுத்துப் பாருங்க."

வீம்புக்குக் கொடுத்தாள். ஒரு நாளும் நோயென்று படுக்காத அவளுக்கும் லைம் இருப்பதாகவே வந்தது.

வீட்டில் தன் சட்டைப் பொத்தானை அவள் மாட்டிவிடும்போது டுவேன் கேட்டான்.

"உன் சோதனையில என்ன வந்துச்சு?"

"இல்லேன்னு வந்துச்சு."

"பாத்தியா, அந்த டாக்டருக்கு ஒரு எழவும் தெரியல. எனக்கு லைம்தான். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வை. நவம்பர்ல மான் வேட்டைக்குப் போறேன்."