தசமபாகம்

...தசமபாகம் மட்டும் எப்படி வந்தது, என்று எஸ்தர் டீச்சரின் மனது மறுபடியும் அதே இடத்தில் போய் முட்டியது. ஆனையூர் சபையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கை தானாகத் தட்டுகிறது, வாய் தானாகப் பாடுகிறது, மனது மட்டும் பைக்குள் கிடக்கும் போனில் இருக்கிறது. ஜூடு பிரதர் எவ்வளவு தன்மையாகப் பேசுவான்... முகத்தைப் பார்த்ததில்லை, வாட்ஸப்பில்தான், தினம் காலையில் ஒரு வசனம், அதற்கப்புறம்தான் கிரிப்டோ. அவசரமில்லை சிஸ்டர், ஜெபித்துவிட்டுப் போடுங்கள் என்பான். கிரிப்டோ என்றால் என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் ஜெபித்துவிட்டுத்தான் போட்டாள், ரிட்டையரானபோது வந்ததை, மகள் வீட்டில் போய் ஒண்டாமல் வண்டியூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்க வைத்திருந்ததை. அவன் போனில் போடச் சொன்ன ஆப்பில் அது இரட்டிப்பானதும் முதலில் ஞாபகம் வந்தது வீடா? இல்லையே, லாபத்தில் பத்தில் ஒன்று கர்த்தருக்கு உரியது, அதை மட்டும் அனுப்புங்கள் பிரதர் என்றுதானே கேட்டாள். மறுநாளே பேங்கில் ஏறிவிட்டது. காணிக்கைக்குப் பணம் கொடுப்பவன் மோசக்காரனாக இருப்பானா? அந்த ஞாயிற்றுக்கிழமையே இந்தச் சபை மைக்கைப் பிடித்து, கர்த்தர் தந்த லாபம் என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்...

மீதியைக் கேட்டபோது வரி கட்டச் சொன்னான். கட்டினாள். அப்புறம் வேறொரு கட்டணம், அதையும் கட்டினாள். இப்போது, உங்கள் மூலமாக இன்னும் ஒருவர் சேர்ந்தால் கணக்கு திறந்துவிடும் என்கிறான். பக்கத்தில் பாக்கியம், டீச்சர் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்து ஆயா, மகளை நர்சிங் சேர்க்க எடுத்த சீட்டுப் பணத்தைப் பேங்கில் போட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன் காதோரம் குனிந்து, "இருக்கது அம்புட்டும் இதான் டீச்சர். நீங்க சாட்சி சொன்னதக் கேட்டுத்தான் தைரியமே வந்துச்சு. இப்பவே அனுப்பிரவா?" என்றாள். "பாட்டு முடியட்டும்," என்றாள் எஸ்தர். ஏன் அப்படிச் சொன்னாள்? வேண்டாம் என்பது ஒரே ஒரு சொல்தானே...

பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள் அவள், முகமே இல்லாதவனிடம் ஏமாந்துவிட்டாள், அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதானா? இல்லை. ஜூடு அந்தப் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்கும் கொடுக்கவில்லை, அவளுக்கும் கொடுக்கவில்லை, இந்த மைக்குக்குக் கொடுத்திருக்கிறான், அவள் சாட்சியைக் கேட்டு இன்னும் ஆள் வரட்டும் என்று. நாலைந்து நாளாகவே அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பாக்கியம் சேர்ந்தால் ஒருவேளை, ஒரே ஒருவேளை, கணக்கு திறந்துவிடுமோ என்றுதான் பாட்டு முடியட்டும் என்றாள்.

பாட்டு நின்றது. சாட்சி உள்ளவர்கள் முன்னால் வரலாம் என்றார் பாஸ்டர். பாக்கியம் விரலைப் போன்மேல் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். எஸ்தர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை, பாக்கியம் ஏன் டீச்சர் என்று கேட்டாள், அந்தச் சாட்சி பொய் என்று அதே மைக்கில் சொல்ல எழுந்துகொண்டிருந்தாள்.